ராத்திரி ரெண்டு மணி டெஸ்ட்

கேம்ப்பிங் போற இடம்னு நெட்டுல தேடிப் பாருங்க. நூறு போட்டோ வரும். நூறும் ரெண்டே நேரத்துல எடுத்ததா இருக்கும். ஒண்ணு காலங்கார்த்தால ஆறு மணி: பனி, டென்ட், கையில காபி கப்போட ஒரு பொண்ணு மலையைப் பார்த்து நிக்கும். இன்னொண்ணு சாயங்காலம் ஆறரை: நெருப்பு, கிடார், தாடி வெச்ச ஒரு பையன். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கூட கிடையாது.

ஆனா மக்களே, இடத்தோட லட்சணம் தெரியறது அந்த ரெண்டு மணிக்குத்தான். குளிரு எலும்புல ஏறும்போது, குழந்தை எழுந்து அழும்போது, எங்கேயோ எதுவோ சரசரங்கும்போது, முக்கியமா பாத்ரூம் போகணும்னு முழிப்பு வரும்போது. போன தை மாசம் குடும்பத்தோட போறதுக்கு ஒரு இடம் தேர்ந்தெடுக்கற வேலை என் தலையில விழுந்தது. ரெண்டு மாசம் உக்காந்து யோசிச்சதுல எனக்குக் கிடைச்ச ஒரே ஞானம் இதுதான். விலாவாரியா எழுதி வெக்கறேன், யாருக்காவது உபயோகப்படும்.

முதல்ல எங்க வீட்டு அரசியல். மொத்தம் பத்து பேர், மூணு கட்சி.

டென்ட் கட்சி: அக்கா பையன், வயசு இருபது. டென்ட் இல்லேன்னா அது கேம்ப்பிங்கே இல்லைங்கறது அவனோட கொள்கை. அவனுக்குக் கூட்டணி என் பொண்ணு, பன்னெண்டு வயசு.

ரூம் கட்சி: தங்கமணியும் தம்பி பெண்டாட்டியும். தம்பிக்கு ரெண்டு வயசுல ஒரு வாண்டு இருக்கு. "மலைக்கு வரேன், மரத்தைப் பார்க்கறேன், ஆனா கதவு இருக்கற ரூம்ல கொதிச்ச தண்ணி கிடைக்கற இடமா பாரு". அவ்வளவுதான் தேர்தல் அறிக்கை.

வண்டிக் கட்சி: எங்க அத்திம்பேர். இருபத்திரெண்டு வருஷம் நியூஜெர்ஸி. அங்க வாடகைக்கு ஆர்.வி. எடுத்துண்டு ஊர் ஊரா சுத்தினவர். "டென்ட் போடறவா டென்ட் போடட்டும், ரூம்ல படுக்கறவா படுக்கட்டும், நான் கேரவன்லதான்"ன்னுட்டார்.

பத்தாவது ஆள் அம்மா. கட்சி சார்பற்றவர். வயசு 74, ரெண்டு முழங்காலும் தகராறு. அப்பா போய் ரெண்டு வருஷமா அம்மா ஒரு ராத்திரி கூட வெளியில தங்கினது கிடையாது. கபாலி கோவில், தெற்கு மாட வீதி காய்கறிக் கடை, வீடு. அதுதான் உலகம். எங்க கூப்பிட்டாலும் "உங்களுக்கு எதுக்குடா தொந்தரவு, நீங்க போய்ட்டு வாங்கோ"ன்னு ஒரே பதில். இந்தத் தடவை யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடியே, காய் நறுக்கிண்டே, தலையை நிமிராம கேட்டா: "ஏண்டா, அங்கெல்லாம் நட்சத்திரம் தெரியுமோ?"

அந்தக் காலத்துல மயிலாப்பூர்ல கோடைக்கு எல்லாரும் மொட்டை மாடியிலதான் படுப்பாங்களாம். தண்ணி தெளிச்சு, பாய் விரிச்சு, தாத்தா நட்சத்திரம் காட்டிக் கதை சொல்வாராம். இப்போ எங்க மாடிக்கு மேல ரெண்டு பக்கமும் அஞ்சு மாடி அபார்ட்மென்ட். ராத்திரி வானம் ஆரஞ்சு கலர்ல இருக்கு.

அம்மாவோட அந்தத் "தொந்தரவு"க்குப் பின்னாடி இருக்கறது என்னன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்லமாட்டோம். ராத்திரியில மூணு தடவை எழுந்துக்கணும். இந்தியன் டாய்லெட்ல உக்காந்தா எழுந்திருக்க முடியாது. அதனால எங்கேயாவது கிளம்பற நாள்ல மத்தியானத்துக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டா. கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், ரயில்ல போனாலும் அப்படித்தான். உங்க வீட்டு அம்மா, பாட்டி, அத்தை எல்லாரையும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பாதிப் பேர் இப்படித்தான் இருப்பாங்க.

ஆக, மூணு கட்சிக்கும் ஒத்து வரணும், அம்மா பயமில்லாம தண்ணி குடிக்கணும். இப்படி ஒரு இடம் வேணும்.

அத்திம்பேர் அமெரிக்க அனுபவத்தை வெச்சு ஒரு பெரிய லெக்சர் கொடுத்தார். கிண்டல் பண்ணிண்டே கேட்டாலும் விஷயம் இருந்தது. அங்க கே.ஓ.ஏ.ன்னு ஒரு சங்கிலி. 1962ல மொன்டானா மாநிலத்துல பில்லிங்ஸ் ஊர்ல ஆரம்பிச்சது. ஒரே வளாகத்துல டென்ட்டுக்கு ஒரு பக்கம், மரக் கேபினுக்கு ஒரு பக்கம், வண்டிகளுக்கு ஒரு பக்கம். வண்டி நிக்கற ஒவ்வொரு இடத்துலயும் கரண்ட், குடிதண்ணிக் குழாய், சில இடத்துல சாக்கடை இணைப்பும் உண்டு. சாக்கடை இணைப்பு இல்லேன்னா, கிளம்பும்போது வண்டியோட கழிவுத் தொட்டியைக் காலி பண்ண தனியா ஒரு இடம். பெரும்பாலான இடங்கள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போடக் கூடாது. யோசெமிட்டி மாதிரி தேசியப் பூங்காவுல சாப்பாட்டை டென்ட்டுலயோ கார்லயோ வெச்சுட்டுத் தூங்கினா அபராதம். கரடி வரும்னு இரும்புப் பெட்டி வெச்சிருக்கான், அதுல வெச்சுப் பூட்டணும்.

இதுல எது நம்மூர்ல கிடைக்கும்னு ஒவ்வொண்ணா பார்த்தேன்.

கரண்ட். அங்க சாதாரண வண்டிக்கு 30 ஆம்ப் இணைப்பு, 120 வோல்ட். பெருக்கினா 3,600 வாட். நம்ம வீட்டு கீஸர் பிளக் 16 ஆம்ப், 230 வோல்ட். பெருக்கினா 3,680 வாட்! அதாவது நம்ம கீஸர் பிளக் ஒண்ணு இருந்தாலே அவங்க ஆர்.வி. இணைப்புக்குச் சமம். கணக்குல. நிஜத்துல, தோட்டத்துக்கு நடுவுல மரத்துக்கு மரம் தொங்கற ஒயர்ல மூணு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாண்டி வர்ற பிளக்ல ஏசியைப் போட்டா ஒயர் உருகும். அதனால கேட்க வேண்டிய கேள்வி "பிளக் இருக்கா" இல்ல. "எர்த் இருக்கா? ஒயர் நேரா மெயின்லேர்ந்து வருதா? ட்ரிப் ஸ்விட்ச் இருக்கா?"

கழிவு. இதுதான் இடிச்சது. மூணு இடத்துக்காரங்க கிட்ட போன்ல "கேரவன் டாய்லெட் தொட்டியை எங்க காலி பண்றது?"ன்னு கேட்டேன். ஒருத்தர் போனை வெச்சுட்டார். ஒருத்தர் "அந்தப் பக்கம் ஓடை இருக்கு சார்"ன்னார். அந்த ஓடைக்குக் கீழ இருக்கற ஊர்க்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க? மூணாமவர் மட்டும் "எங்க செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து விடறேன், ஆனா கெமிக்கல் ஊத்தாம எடுத்துட்டு வாங்க, டேங்க் கெட்டுப் போயிடும்"ன்னார். நோட் பண்ணுங்கப்பா, அந்த ஒரு பதில்லயே அவருக்கு மார்க் போட்டுட்டேன்.

நம்ம பக்கத்துல கேரவன் சுற்றுலாங்கறதே இப்பத்தான் தவழுது. கேரளா 2021ல ஒரு கேரவன் கொள்கை கொண்டு வந்து, மறு வருஷம் வாகமண்ல முதல் கேரவன் பூங்காவைத் திறந்தாங்க. நம்மூர்ல வண்டி வாடகைக்குக் கிடைக்குது, அதை நிறுத்தற இடம்தான் நாமே தேடணும். வாடகைக்கு எடுத்தா மஞ்சள் போர்டான்னு பாருங்க. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடறதே சட்டப்படி தப்பு. விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் கையை விரிச்சுடும்.

அப்புறம் அத்திம்பேர் லெக்சர்ல வராத ஒரு ஆள் நம்மூர்ல உண்டு. டிரைவர். அங்க அவரே ஓட்டிண்டு போவார். இங்க வண்டியோட டிரைவர் வருவார். அவர் எங்க தூங்குவார்? வண்டிக்குள்ள நாலு படுக்கை, நாலுலயும் நாம. ஒரு இடத்துல கேட்டேன், "அவங்கல்லாம் வண்டிக்குக் கீழ படுத்துப்பாங்க சார், பழக்கம்தான்"னு பதில். மலை மேல, தை மாசக் குளிர்ல! மனுஷத்தன்மையை விடுங்க, சுயநலத்துக்கே பாருங்க: ராத்திரி பூரா கொசுக்கடியில முழிச்சிருந்த ஆள்தான் மறுநாள் பத்து பேரை வெச்சுண்டு கொண்டை ஊசி வளைவுல இறங்கப் போறார். டிரைவருக்குக் கட்டில், கம்பளி, வெந்நீர் உண்டான்னு கேட்கறதை லிஸ்ட்ல மேல கொண்டு வந்தேன்.

நடுவுல ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன். இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்குன்னு பெரியப்பா ஒருத்தர் ஆரம்பிச்சார். ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பருக்கு அம்பாசமுத்திரம். அவர் சொல்ற கதையைக் கேட்டா பெரியப்பா வாயை மூடிப்பார். பாபநாசத்துக்கு மேல காரையார் காட்டுல சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமா போய், தாமிரபரணிக் கரையில குடில் போட்டு, நாள் கணக்குல தங்குவாங்களாம். அவர் தாத்தா காலத்துல கூண்டு வண்டி. வண்டியிலேயே அரிசி, பாத்திரம், பாய், பாட்டி. யோசிச்சுப் பாருங்க, மேல கூரை, உள்ள வைக்கோல் மெத்தை, கீழ தொங்கற லாந்தர்... கூண்டு வண்டிதானே நம்ம ஆர்.வி.? வருஷா வருஷம் அதே இடத்துல அதே குடும்பம், பக்கத்துக் குடில்ல அதே சொந்தக்காரங்க. ராத்திரி எந்தக் குழந்தை அழுதாலும் யார் வீட்டுக் குழந்தைன்னு தெரியுமாம். கேம்ப்ல பக்கத்துல யார் இருக்காங்கங்கறது பாதி பாதுகாப்பு.

அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. 1988லேர்ந்து காப்பகம். கூட்டம் லட்சக்கணக்குல வளர்ந்ததும், ஆறு முழுக்க துணியும் பிளாஸ்டிக்குமா ஆனதும், தங்கற நாளைக் குறைச்சுட்டாங்க, சொந்த வண்டிக்கும் கட்டுப்பாடு. நண்பருக்கு அதுல வருத்தம் உண்டு. ஆனா "ஆத்தைப் பார்த்தா அவங்க சொல்றதும் நியாயம்தான்"பார். எங்க தங்கலாங்கறதுல நம்ம சௌகரியம் மட்டும் கணக்கு இல்லைன்னு அவர் கிட்டதான் எனக்கு உறைச்சது.

சரி, மேட்டருக்கு வருவோம். கழிச்சுக் கட்டின இடங்கள்.

கடற்கரை. மருமானோட முதல் சாய்ஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில மணல்ல டென்ட், அலை சத்தம். ஆனா ஜனவரியிலேர்ந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் நம்ம கரையில பங்குனி ஆமைகள் முட்டை போட வர்ற காலம். 1988லேர்ந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியா நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்தறாங்க. முட்டையிலேர்ந்து வர்ற குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணும். நம்ம டென்ட்ல எரியற எல்.ஈ.டி. விளக்கைக் கடல்னு நினைச்சு ரோட்டுப் பக்கம் நடக்கும். என் பொண்ணு ஒரு தடவை அந்த ஆமை நடைக்குப் போயிருக்கா. "நோ"ன்னுட்டா. டென்ட் கட்சி உடைஞ்சது :-)

ஓடைக் கரை. ஆந்திர எல்லையில நாகலாபுரம் பக்கம் சென்னைப் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பாறை, சுனை, எல்லாம் அழகு. ஆனா ஆழம் தெரியாத சுனைக்கரைக்கு ரெண்டு வயசு வாண்டைக் கூட்டிண்டு போக தம்பிக்கு மனசு வரல. தவிர ஓடைங்கறது எங்க மழை பெஞ்சாலும் வரும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் பதினேழு வயசுப் பையனை அடிச்சுண்டு போச்சு. காய்ஞ்ச ஓடை மணல் படுக்க மெத்து மெத்துன்னுதான் இருக்கும். அங்க மட்டும் டென்ட் போடாதீங்க.

மசினகுடி. அத்திம்பேர் ஆசை. யானை பார்க்கலாமாம். சீகூர் யானை வழித்தடத்துல கட்டின ரிசார்ட்டுகளைப் பத்தி உயர் நீதிமன்றம் 2011ல சொன்ன தீர்ப்பை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணித்து. அடுத்த ஜனவரியில அந்த ஊர்லதான் ஒரு யானை மேல எரியற டயரை வீசினாங்க. அந்த யானை செத்துப் போச்சு. அதே மாசம் வயநாட்டுல, மேப்பாடி பக்கம், டென்ட்ல தங்கின ஒரு பெண்ணை யானை மிதிச்சுக் கொன்னுது. ரெண்டு செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா யார் வழியில யார் படுத்துண்டிருக்கோம்னு புரியும். அத்திம்பேரும் அதுக்கு மேல பேசல.

கொழுக்குமலை. போட்டோவுல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஏழாயிரம் அடிக்கு மேல, காலடியில மேகம். ஆனா சூரியநெல்லியிலேர்ந்து ஜீப்ல குலுங்கிண்டே போகணும், கேரவன் கனவுலயும் ஏறாது, அம்மா முதுகும் தாங்காது. அதுக்குக் கீழ இருக்கற குரங்கணிக் காட்டுலதான் 2018 மார்ச் 11ம் தேதி தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. சென்னையிலேர்ந்து போன பொண்ணுங்க பலர். அதுக்கப்புறம் அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல வனத்துறையே நாப்பது பாதைகளைத் திறந்து ஆன்லைன்ல பதிவு பண்ற ஏற்பாடும் வந்தாச்சு. அனுமதி இருக்கான்னு கேட்டா சில இடத்துக்காரங்க "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"பாங்க. அந்தப் பதிலைக் கேட்டதும் போனை வெச்சுடுங்க. காட்டுக்குள்ள நீங்க இருக்கறது யாருக்கும் தெரியாதுன்னா, ஆபத்துல உங்களைத் தேடியும் யாரும் வரமாட்டாங்க.

இப்படிக் கழிச்சுக் கழிச்சுக் கடைசியில நின்னது ஏலகிரி. "ப்பூ, ஏலகிரியா"ன்னு மருமான் மூஞ்சியைச் சுளிச்சான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி பேர் பெத்த ஊர் இல்லதான். ஆனா கணக்குப் பாருங்க. மயிலாப்பூர்லேர்ந்து சுமார் 230 கிலோமீட்டர், வாணியம்பாடி வரைக்கும் நெடுஞ்சாலை. உயரம் சுமார் 1,100 மீட்டர், அதனால குளிர் உண்டு, பல் கிட்டற குளிர் இல்ல. மலைப்பாதையில 14 கொண்டை ஊசி வளைவு; வளைவுக்கு வளைவு கபிலர், பாரின்னு புலவர், வள்ளல் பேர். வேன் அடியில செஞ்ச கேரவன் தாராளமா ஏறும். மேல போனா சமதரை, தோட்டம், வீடுகள், கடை, மருந்துக்கடை. கீழ இறங்கினா ஜோலார்பேட்டை ஸ்டேஷன். யாருக்காவது அவசரமா சென்னை திரும்பணும்னா ரயில் இருக்கு. திருப்பத்தூர்ல பெரிய அரசு ஆஸ்பத்திரி.

நட்சத்திரம்? பக்கத்து ஜவ்வாது மலையில காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லேர்ந்து வானத்தைப் பார்த்துண்டிருக்கு. இருட்டான வானம்னு தேடித் தேடித்தான் விஞ்ஞானிகள் அந்த வட்டாரத்தைப் பிடிச்சாங்க. ஏலகிரி அந்த அளவு இருட்டு இல்ல, ஆனா மயிலாப்பூருக்கு அது ஸ்வர்க்கம்.

நட்சத்திரத்துக்கு அமாவாசைதான் சரின்னு அத்திம்பேர் தை அமாவாசையைக் குறிச்சார். "தர்ப்பணத்தை யார் உங்க கேரவனா பண்ணும்?"னு அம்மா ஒரே போடு. அதுக்கு அடுத்த சனிக்கிழமைன்னு முடிவாச்சு. அன்னிக்கு மூணாம் பிறை, சாயங்காலமே மறைஞ்சுடும். நாலாம் பிறைதான் பார்க்கக் கூடாது, மூணாம் பிறை விசேஷம்னு அம்மாவும் ஓகே.

ஏலகிரியில அந்த செப்டிக் டேங்க் மனுஷரோட தோட்டம்தான் நான் டிக் அடிச்சது. ஆனா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி நானும் மருமானும் போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தோம். ஒன்றரை மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தோம். டார்ச்சை வெச்சுண்டு, அம்மா படுக்கப் போற ரூம்லேர்ந்து பாத்ரூமுக்கு நடந்தோம். ரூமோட ஒட்டின பாத்ரூம்னுதான் பேரு. ஆனா ரூமுக்கு வெளியில வந்து, வராண்டாவுல பதினோரு அடி நடந்து, ரெண்டு படி இறங்கணும். படியில கைப்பிடி இல்ல. பகல்ல பார்த்தா இது ஒரு விஷயமே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு, பனி விழுந்த சிமென்ட் படியில, 74 வயசுக்கு? மருமான் ஒண்ணும் பேசாம அந்தப் படியில கண்ணை மூடிண்டு ஏறி இறங்கிப் பார்த்தான். "பாட்டி விழுந்துடுவா மாமா"ன்னான். டென்ட் கட்சித் தலைவர் அன்னிக்குத்தான் கொஞ்சம் பெரியவனானான்னு எனக்குத் தோணித்து.

காலையில இடத்துக்காரர் கிட்ட சொன்னோம். ஜி.ஐ. பைப்ல கைப்பிடி, ஒரு பல்ப், அவ்வளவுதான். பத்து நாள்ல போட்டு போட்டோ அனுப்பினார். "இவ்ளோ வருஷத்துல யாரும் கேட்டதில்ல சார், வயசானவங்க வந்தா உள்ளயே உக்காந்திருப்பாங்க"ன்னார். கேட்கலேன்னா யாருக்கும் தெரியாது, அதுதான் விஷயம்.

பாம்பு பத்தியும் சொல்லணும். கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும். தரையில படுத்துத் தூங்கறவங்களைக் கடிக்கும், பல சமயம் கடிச்சதே தெரியாது, வலி இருக்காது. அதனால தரையில பாய் விரிச்சு வானத்தைப் பார்த்துத் தூங்கற ஐடியாவை டென்ட் கட்சி கைவிட்டது. அடித்துணி சேர்த்துத் தைச்ச டென்ட், ஜிப்பை முழுசா மூடணும், செருப்பை உதறிப் போடணும், டார்ச் இல்லாம காலை வெளியில வெக்கக் கூடாது. கடிச்சுட்டா கட்டுப் போட்டு, வாயால உறிஞ்சி சினிமா காட்டாம, 108க்குப் போன் பண்ணி விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்த மருந்துக்கு விஷம் எடுக்கற இருளர் கூட்டுறவு சங்கம் நம்ம வடநெம்மேலியிலதான் 1978லேர்ந்து இருக்கு. போகற ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்குன்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, குளிருதுன்னு கரி அடுப்பை டென்ட்டுக்குள்ள கொண்டு போகவே போகாதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே ஆள் காலி.

போனோம். ஆம்பூர் தாண்டும்போது மருமான் மட்டும் ஜன்னல் வழியா பிரியாணிக் கடைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அத்திம்பேர் கேரவனை செப்டிக் டேங்க் பக்கமா நிறுத்தி, 16 ஆம்ப் பிளக்கைச் சொருகி, ஏதோ ராக்கெட் விடற மாதிரி ஸ்விட்ச் போட்டார். ஏசியே தேவைப்படல, அது வேற விஷயம். டிரைவருக்கு வேலையாள் ரூம்ல கட்டில். பசங்க டென்ட் சமதரையில, ரூம்லேர்ந்து கூப்பிடு தூரத்துல. வாண்டுக்கு மட்டும் புது இடம்னு தூக்கம் வராம பதினோரு மணி வரைக்கும் கச்சேரி. தம்பி தூக்கிண்டு நடந்தே ஓய்ஞ்சான்.

ராத்திரிச் சாப்பாடு வெளியில, நாற்காலி போட்டு. அம்மா தலையை அண்ணாந்து பார்த்துண்டே சாப்பிட்டா. ஓரியனோட மூணு நட்சத்திரத்தைக் காட்டி, அதுக்குப் பக்கத்துல திருவாதிரை எதுன்னு பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தா. பேத்தி போன்ல ஆப்பைத் திறந்து சரி பார்த்தா. சரியாத்தான் இருந்தது. தங்கமணி பரிமாறிண்டு வந்தா.

"ரசம் போதுமா அம்மா?"

"நன்னா இருக்கு. இன்னும் ஒரு டம்ளர் ஊத்து."

மணி அப்போ ஒம்பது. தங்கமணி என்னைப் பார்த்தா. நான் இலையைப் பார்த்தேன்.

ராத்திரி எனக்கும் முழிப்பு வந்தது. வராண்டாவுல லைட் எரிஞ்சுது. அம்மா ஒரு கையில கைப்பிடியைப் பிடிச்சுண்டு படி ஏறி வந்துண்டிருந்தா. நான் எழுந்து போகல. ரூமுக்குள்ள போகாம, வராண்டா நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்து மேல பார்த்துண்டிருந்தா. அப்புறம் தானே லைட்டை அணைச்சுட்டு உள்ள போய்ப் படுத்துண்டா.

இடம் தேடறவங்களுக்கு, நான் போன்ல கேட்ட கேள்விகளை அப்படியே தரேன். காப்பி அடிச்சுக்கோங்க:

1. படுக்கற இடத்துலேர்ந்து டாய்லெட் எத்தனை அடி? "பக்கம்தான் சார்"ங்கறது பதில் இல்ல. வழியில எத்தனை படி, கைப்பிடி, லைட் உண்டா? வெஸ்டர்னா?

2. தண்ணி போர்வெல்லா, லாரியா? கரண்ட் போனா தொட்டியில எவ்ளோ நேரத்துக்கு வரும்? 2019ல மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை வெச்ச ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

3. ராத்திரி யார் அங்க தங்குவாங்க? அவர் போன் நம்பர்? அங்க எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும்?

4. எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவீங்க? பக்கத்து டென்ட்ல ஸ்பீக்கர் வெச்சா யார் போய்ச் சொல்வாங்க?

5. நிலம் பட்டாவா, காட்டு ஓரமா? அனுமதிக் காகிதம் காட்ட முடியுமா? யானை வழியா?

6. வண்டி நிக்கற இடம் சமமா? மழை பெஞ்சா சேறாகுமா? கேட் அகலம், மரக்கிளை உயரம் எவ்ளோ?

7. கேரவன் கழிவு எங்க போகும்?

8. டிரைவர் எங்க தூங்குவார்?

எட்டுக்கும் பொறுமையா பதில் சொல்ற ஆள் கிடைச்சா, வியூ சுமாரா இருந்தாலும் அங்கேயே போங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி முன்னாடியே போய் ரெண்டு மணிக்கு எழுந்து நடந்து பாருங்க.

அம்மா இப்போ அடுத்தது எங்கன்னு கேட்டுண்டிருக்கா. கொல்லிமலைன்னு மருமான் ஆரம்பிச்சிருக்கான். எழுபது கொண்டை ஊசி வளைவாம். அத்திம்பேர் கேரவனை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அங்க நல்ல இடம், முக்கியமா கைப்பிடியோட, யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.